சாட்சிக் கூண்டு ஏறாத குரல்: எட்கர் ஆலன் போவின் ‘காட்டிக்கொடுக்கும் இதயம்’ கதையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மனநலமின்மை வழக்குகளும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ எழுதி 1843 ஜனவரியில் வெளிவந்த ‘காட்டிக்கொடுக்கும் இதயம்’ என்னும் சிறுகதை, நம்பகமற்ற கதைசொல்லி என்னும் எடுத்துரைப்பு உத்திக்குச் சிறந்த சான்றாக இலக்கிய வகுப்புகளில் பயிற்றுவிக்கப்பட்டு வருகின்றது. கதைசொல்லியின் நம்பகமின்மையை உத்தி என்ற அளவில் மட்டும் விளக்கும் வாசிப்பு, அக்கதை பிறந்த காலத்தில் நீதிமன்றங்களில் நிகழ்ந்த ஒரு பெரும் விவாதத்தைக் காணத் தவறுகின்றது. திட்டமிட்டும் நிதானமாகவும் கொலை செய்த ஒருவரைச் சித்தம் கலங்கியவர் எனக் கொள்ள முடியுமா என்பதே அவ்விவாதம். 1724 முதல் 1844 வரையிலான ஆங்கிலேய, அமெரிக்க வழக்குகளையும் மருத்துவ நூல்களையும் கதையின் அமைப்போடு ஒப்பிட்டு, போவின் கதைசொல்லி அவ்விவாதத்தின் வடிவிலேயே அமைக்கப்பட்டவர் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

திறவுச்சொற்கள்: எட்கர் ஆலன் போ, கோதிக் புனைகதை, நம்பகமற்ற கதைசொல்லி, மனநலமின்மை எதிர்வாதம், மெக்நாட்டன் விதிகள், ஒப்புதல் வாக்குமூலம்.

முன்னுரை

‘காட்டிக்கொடுக்கும் இதயம்’ பாஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த ‘தி பயனியர்’ என்னும் இதழின் முதல் எண்ணில் இடம்பெற்றது. அவ்விதழின் ஆசிரியர் கவிஞர் ஜேம்ஸ் ரஸல் லோவெல். மூன்று எண்களோடு இதழ் நின்றுபோயிற்று. போ அப்போது பிலடெல்பியா நகரில் வாழ்ந்துகொண்டிருந்தார். கதை 1845 ஆகஸ்டில் ‘பிராட்வே ஜர்னல்’ இதழில் மீண்டும் அச்சேறியது.

கதையின் நிகழ்ச்சிகள் மிகச் சில. பெயர் கூறப்படாத ஒருவர் தம்மோடு ஒரே வீட்டில் வாழும் முதியவரைக் கொல்ல முடிவு செய்கின்றார். பொருளாசை இல்லை, பகையும் இல்லை, முதியவரைத் தாம் நேசித்ததாகவே கூறுகின்றார். முதியவரின் ஒரு கண், மெல்லிய படலம் மூடிய வெளிறிய நீலக்கண், கழுகின் கண்ணைப் போன்று அவரை வதைக்கின்றது. ஏழு இரவுகள் நள்ளிரவில் முதியவரின் அறைக்கதவைத் திறந்து விளக்கொளியின் ஒற்றைக் கீற்றை அக்கண்மீது பாய்ச்சுகின்றார். கண் மூடியிருந்தமையால் கொல்லாமல் திரும்புகின்றார். எட்டாம் இரவில் கண் திறந்திருக்கின்றது. கொலை நிகழ்கின்றது. உடலைத் துண்டாக்கித் தரைப்பலகைகள் மூன்றைப் பெயர்த்து அடியில் மறைக்கின்றார். அயலார் ஒருவர் அலறல் கேட்டதாகக் கூறியதால் அதிகாலை நான்கு மணிக்குக் காவலர் மூவர் வருகின்றனர். அவர்களோடு இயல்பாகப் பேசிக்கொண்டிருக்கையில், பலகைக்கு அடியிலிருந்து இதயத் துடிப்பு கேட்பதாக உணர்ந்து, தாமே குற்றத்தை ஒப்புக்கொள்கின்றார்.

கதைசொல்லியின் பால் கதையில் வெளிப்படையாகச் சுட்டப்படவில்லை. ஆய்வு மரபை ஒட்டி இங்கு ஆண்பாலாகவே கொள்ளப்படுகின்றது.

இக்கதை குறித்த வகுப்பறை விளக்கம் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்லும். கதைசொல்லி தமக்குப் பைத்தியம் இல்லை என்கிறார். அவர் சொல்வனவே அவரைப் பைத்தியம் எனக் காட்டுகின்றன. எனவே அவர் நம்பகமற்றவர் என்று அவ்விளக்கம் முடியும். இதில் தவறில்லை. எனினும் இவ்விளக்கம் ஒரு தீர்ப்பைக் கூறிவிட்டு, அத்தீர்ப்பு எந்த அளவுகோலால் வந்தது என்னும் வினாவைத் தவிர்த்துவிடுகின்றது. 1843ஆம் ஆண்டில் அந்த வினாவே ஒருவர் தூக்குமேடைக்குச் செல்வதா, மனநல விடுதிக்குச் செல்வதா என்பதைத் தீர்மானித்தது.

கலைச்சொல்லும் அதன் காலமும்

‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்னும் கலைச்சொல்லை வழங்கியவர் அமெரிக்கத் திறனாய்வாளர் வேய்ன் பூத். அவர் 1961இல் வெளியிட்ட புனைகதையின் அணியியல் குறித்த நூலில் அச்சொல் இடம்பெற்றது. படைப்பின் உள்ளுறை நெறிகளோடு ஒத்துப் பேசும் கதைசொல்லி நம்பகமானவர். அவற்றிலிருந்து விலகுபவர் நம்பகமற்றவர் என்பது பூத் தந்த வரையறையின் சாரம். பின்வந்த ஜெர்மானிய அறிஞர் ஆன்ஸ்கர் நியூனிங், நம்பகமின்மையை உணர்வதில் வாசகர் தம் உலக அறிவாகக் கொண்டுவரும் இயல்புநிலை பற்றிய கருத்துகளுக்குப் பெரும்பங்கு உண்டு என வலியுறுத்தினார். அவ்வழியில் புரூனோ ட்ஸெர்வெக் 2001இல் எழுதிய கட்டுரை, நம்பகமின்மையே வரலாற்றுக்கு உட்பட்டது என்பதை முன்வைத்தது.

இவ்விரண்டாம் நிலைப்பாடு போவின் கதைக்கு மிகவும் பொருந்துவது. எது சித்தத் தெளிவு, எது சித்தக் கலக்கம் என்பது பற்றி 1843ஆம் ஆண்டு வாசகரிடம் ஒருமித்த கருத்து இருந்திருக்குமானால், கதைசொல்லியின் வாதம் வெறும் நகைப்புக்கு உரியதாகியிருக்கும். அத்தகைய ஒருமித்த கருத்து அன்று இல்லை. மருத்துவர்கள் ஒன்று கூறினர். நீதிபதிகள் வேறொன்று கூறினர். நாளிதழ்கள் இரண்டையும் அச்சிட்டன. போவின் கதைகளை மனநலமின்மை எதிர்வாதத்தோடு இணைத்து பெய்ஜ் மாத்தி பைனம் 1989இலும் ஜான் கிளெமன் 1991இலும் ஆராய்ந்துள்ளனர். அவ்வாய்வுகள் கதைசொல்லியின் நோய்க்குறிகளையும் அக்கால மருத்துவ, சட்டக் கருத்துகளையும் தெளிவுபடுத்தின. அவற்றின் தொடர்ச்சியாக, கதைசொல்லி முன்வைக்கும் சான்று எத்தகையது, அதை யார் கேட்கின்றார் என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

கதைசொல்லியின் வாதம்

கதை ஒரு மறுப்புரையோடு தொடங்குகின்றது. தமக்கு நரம்புத் தளர்ச்சி உண்டு எனக் கதைசொல்லி ஒப்புகிறார். பைத்தியம் என்பதை மறுக்கிறார். மறுப்பு இருக்க வேண்டுமானால் குற்றச்சாட்டு முன்பே இருந்திருக்க வேண்டும். ஆக, யாரோ ஒருவர் அவரை ஏற்கெனவே பைத்தியம் என்று சொல்லியிருக்கின்றார். அந்தச் சொல் கதைக்கு வெளியே நிற்கின்றது. அதைச் சொன்னவர் மருத்துவரா, வழக்கறிஞரா, சிறைக்காவலரா என்பது தெரியாது. கதைசொல்லி எங்கிருந்து பேசுகிறார் என்பதும் தெரியாது.

மறுப்புக்கு அவர் தரும் சான்றுகள் மூன்று. முதலாவது, தாம் திட்டமிட்டுச் செயற்பட்டமை. தலையைக் கதவிடுக்கில் முழுதும் நுழைக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டதாகக் கூறி, பைத்தியம் இவ்வளவு விவேகமாக நடக்குமா என்று வினவுகின்றார். இரண்டாவது, உடலை மறைத்ததில் காட்டிய எச்சரிக்கை. மூன்றாவது, இக்கதையைத் தாம் இப்போது எவ்வளவு நிதானமாகச் சொல்கின்றார் என்பது.

மூன்றாவது சான்றைக் கதையே பின்னர் அழித்துவிடுகின்றது. காவலர் வந்தபோது கதைசொல்லி புன்னகையோடு வரவேற்கின்றார். அலறல் தம் கனவில் எழுந்தது என்கின்றார்; முதியவர் வெளியூர் சென்றிருப்பதாகக் கூறுகின்றார். இரண்டும் பொய். காவலர் நம்புகின்றனர். தம் நடையே அவர்களை நம்பவைத்தது எனக் கதைசொல்லியே பெருமிதத்துடன் சொல்கின்றார். நிதானத்தை உண்மையின் அடையாளமாக நம்மிடம் நீட்டிய அதே குரல், நிதானத்தைக் கொண்டு பிறரை ஏமாற்றியதையும் நம்மிடமே சொல்லிவிடுகின்றது. காவலர் அமர்ந்திருந்த நாற்காலியில் வாசகரும் அமர்த்தப்பட்டிருக்கின்றார் என்பது இங்கு வெளிப்படுகின்றது.

நம்பகமின்மையின் மூன்று தளங்கள்

ஜேம்ஸ் ஃபீலனும் மேரி பாட்ரிசியா மார்ட்டினும் 1999இல் முன்வைத்த பகுப்பின்படி, கதைசொல்லி மூன்று பணிகளைச் செய்கின்றார்: நிகழ்ச்சிகளைத் தெரிவித்தல், அவற்றைப் புரிந்து விளக்குதல், அவற்றை மதிப்பிடுதல். இம்மூன்றிலும் ஒருவர் ஒரே அளவில் நம்பகமற்றவராக இருக்க வேண்டியதில்லை.

போவின் கதைசொல்லி தெரிவித்தலில் வியக்கத்தக்க துல்லியம் உடையவர். எத்தனை இரவு, எந்த நேரம், விளக்கின் தகரத் தாழில் கட்டைவிரல் வழுக்கியது, எத்தனை பலகை, குருதியைத் தொட்டியில் பிடித்தமை என யாவும் எண்ணிக்கையோடும் வரிசையோடும் வருகின்றன. கொலை நடந்தது, உடல் பலகைக்கடியில் இருக்கின்றது என்பனவற்றை ஐயுற வாசகருக்குக் காரணம் தரப்படவில்லை. விளக்குதலில் நிலை மாறுகின்றது. விண்ணிலும் மண்ணிலும் உள்ள ஒலிகளையும் நரகத்தின் ஒலிகள் பலவற்றையும் தாம் கேட்டதாகக் கூறும் செவி, இறந்தவரின் இதயத் துடிப்பையும் கேட்கின்றது. அது கதைசொல்லியின் சொந்த இதயமா, வெறும் பிரமையா, சுவரில் வாழும் சிறு பூச்சியின் ஒலியா என்று ஆய்வாளர்கள் விவாதித்துள்ளனர். ஜான் ரெய்லி 1969இல் பூச்சியின் ஒலி என்னும் விளக்கத்தை விரிவாக எழுதினார். மதிப்பிடுதலில், நேசித்த ஒருவரைக் கொன்றதைக் கைத்திறனின் வெற்றியாகக் கொண்டாடுவதில், கதைசொல்லி வாசகரிடமிருந்து முற்றிலும் விலகிவிடுகின்றார்.

தகவல் சரி, புலனுணர்வு ஐயத்திற்குரியது, அறவுணர்வு சிதைந்தது. இந்த ஏற்றத்தாழ்வே அக்கால நீதிமன்றங்களைத் தடுமாறச் செய்த நிலையாகும். அறிவு முழுதும் அழியாமல் ஒரு பகுதி மட்டும் பழுதுபட்ட மனத்தை எவ்வாறு வகைப்படுத்துவது என்பதே அவை எதிர்கொண்ட சிக்கல்.

விலங்கு, பிரமை, பழுதுபட்ட அறவுணர்வு: 1724 முதல் 1838 வரை

இங்கிலாந்தில் ஆன்ஸ்லோ பிரபுவைச் சுட்ட எட்வர்ட் ஆர்னால்டின் வழக்கு 1724இல் நடந்தது. நீதிபதி டிரேசி ஜூரிகளுக்குத் தந்த விளக்கத்தில், ஒருவர் தண்டனையிலிருந்து விலக்குப் பெற வேண்டுமானால் அறிவும் நினைவும் முற்றிலும் இழந்து, குழந்தையையோ காட்டு விலங்கையோ ஒத்தவராக இருக்க வேண்டும் என்றார். இவ்வளவுகோலின்படி திட்டமிடும் ஆற்றலே சித்தத் தெளிவுக்குச் சான்றாகிவிடும். போவின் கதைசொல்லி பற்றி நிற்பது இப்பழைய அளவுகோலையே.

அதனை முதலில் அசைத்தது 1800ஆம் ஆண்டின் ஹாட்ஃபீல்டு வழக்கு. போரில் தலையில் வெட்டுக்காயம் பட்ட படைவீரரான ஜேம்ஸ் ஹாட்ஃபீல்டு, லண்டன் டிரூரி லேன் நாடக அரங்கில் மன்னர் மூன்றாம் ஜார்ஜை நோக்கிச் சுட்டார். தம் மரணத்தால் உலகுக்கு மீட்பு வரும் என்று நம்பி, அரசே தம்மைக் கொல்லும்படி செய்வதற்காக அவர் அச்செயலைத் திட்டமிட்டிருந்தார். அவருக்காக வாதாடிய தாமஸ் எர்ஸ்கின், பகுத்தறிவு முற்றும் அழிதல் அரிது என்றும், தவறான ஒரு நம்பிக்கையை அடித்தளமாகக் கொண்டு அதன்மேல் ஒழுங்காக வாதம் கட்டுவதே சித்தக் கலக்கத்தின் உண்மையான இயல்பு என்றும் வாதிட்டார். ஹாட்ஃபீல்டு விடுவிக்கப்பட்டார், அவரைப் போன்றோரைக் காவலில் வைத்திருக்க அதே ஆண்டில் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது.

மருத்துவமும் இதே திசையில் நகர்ந்தது. பிரான்சில் பிலிப் பினெல், அறிவு கலங்காமலே தோன்றும் பித்தினை விவரித்தார். அவர் மாணவர் எஸ்கிரோல், ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் மனம் பிறழும் நிலைக்கு ‘மோனோமேனியா’ எனப் பெயரிட்டார். இங்கிலாந்தின் ஜேம்ஸ் கௌல்ஸ் பிரிச்சர்டு 1835இல், அறிவு குன்றாமல் உணர்ச்சியும் அறவுணர்வும் மட்டும் பழுதுபடும் நிலையை விளக்கினார். பிலடெல்பியாவில் பெஞ்சமின் ரஷ் 1812ஆம் ஆண்டு நூலில் இத்தகைய அறவுணர்வுப் பிறழ்வைப் பேசியிருந்தார். 1838இல் ஐசக் ரே மனநலமின்மையின் சட்ட மருத்துவம் குறித்துப் பாஸ்டனில் வெளியிட்ட நூல், திட்டமிடுவதும் நன்று தீது அறிவதும் சித்தக் கலக்கத்தோடு இணைந்து இருக்கக் கூடும் என்று நீதிமன்றங்களை நோக்கி நேரடியாக வாதிட்டது.

கதையில் வரும் கண், எஸ்கிரோல் விவரித்த ஒற்றைப் பொருட்பித்தின் பொருளாகவும், எர்ஸ்கின் கூறிய தவறான அடித்தளமாகவும் ஒருங்கே அமைகின்றது. அந்தக் கண்ணைத் தவிர்த்தால் கதைசொல்லியின் செயல்கள் ஒன்றிலிருந்து ஒன்று ஒழுங்காகவே பிறக்கின்றன.

பிலடெல்பியாவின் வுட் வழக்கு

போ இவ்விவாதத்தை அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று உண்டு. பிலடெல்பியாவில் ஜேம்ஸ் வுட் என்பவர் தம் மகளைச் சுட்டுக்கொன்ற வழக்கில், சித்தக் கலக்கத்தின் அடிப்படையில் விடுவிக்கப்பட்டார். ‘அலெக்சாண்டர்ஸ் வீக்லி மெசஞ்சர்’ இதழ் 1840 ஏப்ரல் 1 அன்று இவ்வழக்கு பற்றிய குறிப்பொன்றை வெளியிட்டது. ஆசிரியர் பெயரின்றி வந்த அக்குறிப்பு போ எழுதியது என ஆய்வாளர்கள் அடையாளம் கண்டுள்ளனர். வுட் கைத்துப்பாக்கி வாங்கியபோது காட்டிய அமைதியை அரசுத் தரப்பு தெளிந்த மனத்துக்குச் சான்றாகக் கொள்ளும். மனத்தின் இயல்பை ஆழ்ந்து அறிந்தவரோ அதே அமைதியைச் சித்தக் கலக்கத்துக்குச் சான்றாகக் கொள்வார் என்பது அக்குறிப்பின் மையக் கருத்து.

ஒரே செய்தி இரு எதிர்மாறான முடிவுகளுக்குச் சான்றாவதைப் போ 1840இல் கண்டார். மூன்றாண்டுக்குள் எழுதிய கதையில் அந்த இருமையைக் கதைசொல்லியின் வாய்மொழியாகவே ஆக்கினார். இதழ்க்குறிப்பிற்கும் கதைக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. குறிப்பில் அறிந்தவர் ஒருவர் இருக்கின்றார். அவர் அமைதியின் உண்மைப் பொருளை எடுத்துரைப்பார். கதையில் அத்தகைய அறிந்தவர் எவரும் இல்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் மட்டுமே பேசுகின்றார்.

பென்சில்வேனியா மாநிலச் சட்டத்தை நோக்கினால் இதன் கடுமை புலனாகும். 1794இல் அம்மாநிலம் கொலையை இரு படிகளாகப் பகுத்தது. பதுங்கியிருந்து கொல்லுதலும், முன்கூட்டியே எண்ணித் துணிந்து கொல்லுதலும் முதற்படிக் கொலைகள். அவற்றுக்கே மரண தண்டனை. கதை நிகழும் இடம் கூறப்படவில்லையாயினும், போ வாழ்ந்த நகரின் வாசகர் ஒருவர் இச்சட்டத்தின் நிழலிலேயே கதையைப் படித்திருப்பார். எட்டு இரவுகள் கதவருகே காத்திருந்ததை விவரிக்கும் கதைசொல்லி, தம் சித்தத் தெளிவை மெய்ப்பிக்கும் ஒவ்வொரு சொல்லாலும் முதற்படிக் கொலையையும் மெய்ப்பிக்கின்றார். வழக்கமான வழக்கில் எதிர்தரப்பு வழக்கறிஞர் சித்தக் கலக்கத்தையும், அரசுத் தரப்பு சித்தத் தெளிவையும் நிறுவ முயல்வர். இக்கதையில் குற்றஞ்சாட்டப்பட்டவரே அரசுத் தரப்பின் வாதத்தை ஏற்று நடத்துகின்றார். வென்றால் தூக்கு; தோற்றால் மனநல விடுதி.

சேலம் கொலையும் ஒப்புதலின் தவிர்க்கவியலாமையும்

கதையின் முடிவுக்கு வேறொரு வழக்கும் பின்னணியாக அமைகின்றது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் நகரில் 1830 ஏப்ரலில் 82 வயதான கப்பல் வணிகர் ஜோசப் வைட் தம் படுக்கையில் கொல்லப்பட்டார். அரசுத் தரப்பில் வாதாடிய டேனியல் வெப்ஸ்டர் ஆற்றிய உரை பின்னர் அச்சாகிப் புகழ்பெற்றது. கொலையாளி உறங்கும் முதியவரின் அறைக்குள் ஓசையின்றி நுழைந்ததை விவரித்த வெப்ஸ்டர், கொலையின் இரகசியம் கொலையாளியின் இதயத்தில் துடித்துத் தொண்டைவரை எழுந்து வெளிப்படுமாறு வற்புறுத்தும் என்றார். போவின் பதிப்பாசிரியர் தாமஸ் ஆலிவ் மாபட் இவ்வுரையைக் கதையின் மூலங்களுள் ஒன்றாகச் சுட்டியுள்ளார்.

வெப்ஸ்டரின் உரையில் மனச்சான்று கடவுளின் ஒழுங்குக்கு உட்பட்டது. குற்றம் தன்னைத்தானே வெளிப்படுத்துவது அறத்தின் வெற்றி. கதையில் கதைசொல்லி ஒருமுறையேனும் வருந்துவதில்லை. காவலர் தம் வேதனையைக் கண்டு எள்ளி நகைப்பதாகக் கருதி, அந்த எள்ளலைப் பொறுக்கமாட்டாமலே ஒப்புக்கொள்கின்றார். அமெரிக்காவில் கொலைபற்றிய எழுத்துகள் தூக்குமேடைச் சமயவுரையிலிருந்து கோதிக் திகில் நடைக்கு மாறிய வரலாற்றைக் கேரன் ஹால்டனன் 1998இல் ஆராய்ந்துள்ளார். பழைய உரைகளில் கொலையாளி எல்லா மனிதரையும் போன்ற ஒரு பாவி, மனந்திரும்பக் கூடியவர். புதிய எழுத்துகளில் அவர் புரிந்துகொள்ள இயலாத அயலார். போவின் கதை ஒப்புதல் என்னும் பழைய வடிவத்தை வைத்துக்கொண்டு, அதன் உயிரான மனந்திரும்புதலை எடுத்துவிட்டது எனலாம்.

1843: நான்கு அளவுகோல், நான்கு தீர்ப்பு

கதை வெளிவந்த அதே ஜனவரியில், 20ஆம் நாள், லண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்பவர் பிரதமர் ராபர்ட் பீலின் தனிச்செயலர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார். டோரி கட்சியினர் தம்மை இடைவிடாது துன்புறுத்துவதாக மெக்நாட்டன் நம்பியிருந்தார். மார்ச் மாதம் நடந்த விசாரணையில் அவருக்காக வாதாடிய அலெக்சாண்டர் காக்பர்ன், அமெரிக்கரான ஐசக் ரேயின் நூலை விரிவாக எடுத்தாண்டார். மெக்நாட்டன் விடுவிக்கப்பட்டு மனநல விடுதிக்கு அனுப்பப்பட்டார். எழுந்த பொதுக் கொந்தளிப்பின் விளைவாக, பிரபுக்கள் அவை நீதிபதிகளிடம் விளக்கம் கேட்டது. 1843 ஜூன் 19 அன்று அவர்கள் தந்த விடைகளே மெக்நாட்டன் விதிகள். செயலின் தன்மையை அறியாமை, அல்லது அது தவறு என்பதை அறியாமை, இவற்றுள் ஒன்று இருந்தாலன்றி விலக்கு இல்லை என அவை வரையறுத்தன.

கதை இவ்வழக்குக்கு முன்பே எழுதப்பட்டதாகையால் இதனை மூலம் என்று கூறுதல் பொருந்தாது. ஒரே வினா அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் முதிர்ந்திருந்தது என்பதே இந்த உடன்நிகழ்வின் பொருள். கதை அச்சேறிய பாஸ்டனிலேயே, 1844இல் சிறைக் கண்காணிப்பாளரைக் கொன்ற ஆப்னர் ராஜர்ஸ் வழக்கில், தலைமை நீதிபதி லெமுவல் ஷா மெக்நாட்டன் விதிகளை ஏற்றதோடு அடக்கவியலாத உந்துதலையும் கருதுமாறு ஜூரிகளுக்கு விளக்கினார்.

போவின் கதைசொல்லியை இவ்வளவுகோல்களின்முன் நிறுத்திப் பார்க்கலாம். டிரேசியின் அளவுகோலில் அவர் விலங்கல்லர், எனவே குற்றவாளி. எர்ஸ்கினின் வாதத்தில், கண்ணைப் பற்றிய பிரமையே செயலுக்கு அடித்தளம். எனவே விடுவிக்கத் தக்கவர். ரே, பிரிச்சர்டு ஆகியோரின் மருத்துவப் பார்வையில், அறிவு குன்றாத அறவுணர்வுப் பிறழ்வின் தெளிந்த எடுத்துக்காட்டு, எனவே நோயாளர். மெக்நாட்டன் விதிகளில் அவர் செயலின் தன்மையை அறிந்தவர், உடலை மறைத்தமையால் தவறென்று அறிந்தவர், எனவே குற்றவாளி. பிரமை உடையவரை, அப்பிரமை உண்மையாக இருந்தால் எவ்வாறு கருதுவோமோ அவ்வாறே கருத வேண்டும் என்பது அவ்விதிகளின் இன்னொரு விடை. முதியவரின் கண் உண்மையிலேயே தீய கண்ணாக இருந்தாலும், அது உறங்குபவரைக் கொல்ல உரிமை தாராது.

ஒரே வாக்குமூலத்துக்கு இவ்வாறு மாறுபட்ட தீர்ப்புகள் பிறக்கின்றன. கதைசொல்லி தந்த தகவல்களில் குறையிருப்பதால் இம்மாறுபாடு தோன்றவில்லை. தகவல்கள் போதுமான அளவு உள்ளன. வேறுபடுவது கேட்பவரின் அளவுகோலே.

சாட்சி சொல்லத் தகுதியற்றவர்

இறுதியாக, குரலின் சட்டநிலையைக் கருத வேண்டும். பொதுச்சட்ட மரபில் குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் வழக்கில் உறுதிமொழி எடுத்துச் சாட்சியம் அளிக்க இயலாது. தம் உயிரைக் காக்க எதையும் சொல்வார் என்பதால் அவர் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் எனக் கருதப்பட்டார். அமெரிக்காவில் மெய்ன் மாநிலம் 1864இல் இத்தடையைப் பொதுவாக நீக்கிய முதல் மாநிலம் ஆயிற்று. இங்கிலாந்தில் இது 1898ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. ஆகவே அக்காலத்தில் வுட், மெக்நாட்டன் போன்றோரின் மனத்தைப் பற்றி மருத்துவரும் உறவினரும் கடைக்காரரும் சாட்சி கூறினர். அவர்களே சாட்சிக் கூண்டு ஏறிப் பேசவில்லை.

நம்பத் தகாதது எனச் சட்டம் முன்கூட்டியே விலக்கிய குரலைப் போ தனியே எடுத்து, வேறு எந்தச் சாட்சியும் இன்றிப் பேசவிட்டார். நீதிமன்றத்தில் இருந்தது முழுதும் இங்கு இல்லை. அங்கு இல்லாதது மட்டுமே இங்கு உள்ளது. பூத்தின் கலைச்சொல்லுக்கு 118 ஆண்டுகளுக்கு முன்பே, தன்னைப் பற்றித் தானே சொல்பவரை நம்பலாகாது என்னும் பயிற்சி நீதிமன்றச் செய்திகளைப் படித்த வாசகரிடம் இருந்தது. அப்பயிற்சியை நம்பியே இக்கதை எழுதப்பட்டது.

இந்தியச் சட்டத்தில் அதே வினா

இவ்வரலாறு நம் வகுப்பறைக்கு அயலானதன்று. மெக்காலே தலைமையில் வரைவு பெற்று 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, மெக்நாட்டன் விதிகளின் சாரத்தைத் தாங்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 22ஆம் பிரிவாக அது தொடர்கின்றது. தஹ்யாபாய் வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம், செயல் நிகழ்ந்த கணத்தின் மனநிலையை அறியச் செயலுக்கு முன்னும் உடனும் பின்னும் உள்ள சூழ்நிலைகளை நோக்க வேண்டும் என்றது. போவின் கதையும் முன், உடன், பின் என்னும் மூன்று பகுதிகளாகவே அமைந்துள்ளது. தமிழகத்துக் கல்லூரி ஒன்றில் இக்கதையைப் படிக்கும் மாணவர், 1843இல் வரையறுக்கப்பட்ட அதே அளவுகோல் நடைமுறையில் உள்ள ஒரு நாட்டில் அமர்ந்தே கதைசொல்லியைப் பைத்தியம் என்றோ குற்றவாளி என்றோ சொல்கின்றார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படுவன வருமாறு. போவின் கதைசொல்லி தரும் சான்றுகள், 1724ஆம் ஆண்டு அளவுகோலைப் பற்றி நிற்பவை. அவர் கூறும் நிகழ்ச்சிகளோ 1838ஆம் ஆண்டு மருத்துவ நூலின் விளக்கத்துக்குப் பொருந்துபவை. இவ்விரண்டின் மோதலே கதையின் நம்பகமின்மையாக வாசகருக்குப் புலப்படுகின்றது. நிதானம் உண்மைக்கும் பொய்க்கும் ஒருங்கே ஆடையாவதைக் காவலர் காட்சி காட்டுவதால், கதைசொல்லியின் பேச்சுநடையைக் கொண்டு அவர் மனநிலையை முடிவு செய்யும் வழி அடைக்கப்படுகின்றது. சட்டம் கேட்க மறுத்த குரலை மட்டும் கேட்கச் செய்ததன் வாயிலாக, கதை வாசகரை ஜூரியாக்குகின்றது; ஆனால் எந்த விதியின்படி தீர்ப்பளிக்க வேண்டும் என்று விளக்கும் நீதிபதியை அது தரவில்லை.

இக்கதையைப் பயிற்றுவிக்கும்போது ‘கதைசொல்லி பைத்தியமா?’ என்னும் வினாவோடு நிறுத்திக்கொள்ளாமல், ‘எந்த அளவுகோலின்படி?’ என்னும் வினாவையும் இணைத்துக் கேட்பது பயன்தரும். அவ்வாறு கேட்கும்போது, நம்பகமின்மை கதைசொல்லியின் குறை என்னும் நிலையிலிருந்து, ஒரு காலம் மனிதமனத்தை அளந்த முறைகளின் குறை என்னும் நிலைக்கும் ஆய்வு நகரும். அதே 1843இல் வெளிவந்த ‘கருப்புப் பூனை’, 1845இல் வந்த ‘மாறுபாட்டின் குறளி’ ஆகிய போவின் பிற ஒப்புதல் கதைகளையும் இவ்வாறே சட்ட வரலாற்றோடு இணைத்து நோக்குவது மேலாய்வுக்கு உரியது.